டீசல் மிச்சம் பிடிக்கப் போய் என்ஜினைச் சுடுவதா?

லாரி உரிமையாளர்களுக்கு இந்த அட்டைப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது?

டீசல் 2021-லேயே லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. மிச்சம் பிடிக்க வேண்டியதுதான். அதற்காக முன்பக்க கிரில்லைத் தகரம், அட்டை வைத்து மூடுவது என்ன கணக்கு? காற்று உள்ளே புகாது, வண்டி வழுக்கிக்கொண்டு போகும் என்கிறார்கள். கொஞ்சம் உண்மைதான். ரேடியேட்டரில் மோதும் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கத்தான் செய்யும். காஷ்மீர் பனியில் அட்டை கட்டினால் என்ஜின் சீக்கிரம் சூடு பிடிக்கும். அதே அட்டையோடு சேலத்து சித்திரை வெயிலில் தொப்பூர் ஏறினால்?

கணவாயில் நடப்பது என்ன?

சேலத்திலிருந்து தர்மபுரி பக்கம் போகும்போது தொப்பூரில் ஏற்றம். முழு லோடு. வண்டி ஊர்கிறது, எதிர்க்காற்று இல்லை. வெயிலோ 40 டிகிரி. டீசலின் சக்தியில் பாதிகூட சக்கரத்துக்குப் போவதில்லை. மீதி சூடாகி, புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போயாக வேண்டும். அந்த நேரத்தில் ஃபேன் ஒன்றுதான் கதி!

இப்போதைய வண்டிகள் பலவற்றில் சூடு ஏறினால்தான் ஃபேன் கிளட்ச் பிடிக்கும். கிரில்லை மூடினால் ஃபேன் ஓயாமல் சுற்றும். அதுவும் டீசலில்தானே சுற்றுது? முன்னால் மிச்சம் பிடித்ததை ஃபேன் தின்றுவிடும். ஹெட் கேஸ்கட் போனால் தவணை கட்டுகிற ஒற்றை வண்டிக்காரர் என்ன செய்வார்?

சூட்டுக்குப் பயந்து தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறியும் மெக்கானிக்குகளும் உண்டு. அது அடுத்த கூத்து. என்ஜின் குளிர்ந்தே கிடந்தால் டீசலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால், அங்கே வரும் காற்று இன்னும் அவசியம்.

மேலே பாருங்க!

கேபினைவிட உயரமாகப் பெட்டி நிற்கும் இடத்தில்தான் காற்று பளாரென்று அறைகிறது. அங்கே சாய்வாக ஒரு காற்றுத் தடுப்பு வைத்தால் ரேடியேட்டருக்கு ஒரு சேதமும் இல்லை. பாடி கட்டுவதில் நாடறிந்த நாமக்கல் பட்டறைகளுக்கு இது பெரிய வேலையா? கேபின் மேல் கேரியர், விளக்கு வரிசை, ஏர் ஹாரன் எல்லாம் கம்பீரம்தான். காற்றுக்கு அது சுவர். தார்ப்பாய் படபடவென்று அடித்தாலும் டீசல் போகும். முன்பக்க இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. காற்றை மறிக்கும் அந்தக் கம்பியை மாட்டிக்கொண்டு மைலேஜ் இல்லை என்று புலம்புவது வேடிக்கை!

வேகத்தை 60-லிருந்து 80-க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடும். நாமக்கல்–கரூர் சமவெளியில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் காசா, பணமா? கோழித்தீவன லோடு அடிக்கிற வண்டிகள் ரேடியேட்டர் இடுக்கில் அடைந்த தவிட்டுத் தூசியையும் பூச்சியையும் முதலில் கழுவட்டும். அட்டை இல்லாமலே அங்கே பாதி அடைத்துத்தான் கிடக்கிறது.