ரெக்கார்டு கடைக்காரர் போட்ட கணக்கு

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த அழகான சமாசாரத்தைப் பார்த்தாலும் 'என்ன விலை?' என்று மனசு கேட்கும். தாஜ்மகால் முன்னால் நின்றுகொண்டு, இதற்கு வருஷா வருஷம் தேய்மானம் போட்டால் இப்போது புத்தகத்தில் என்ன மதிப்பு நிற்கும் என்று யோசித்தவன் நான். (வாய்விட்டு யோசித்ததுதான் தப்பு. மனைவி ஆக்ரா ஸ்டேஷன் வரை பேசவில்லை.)

போன வாரம் ஒரு ஏலத்தின் வீடியோ பார்த்தேன். 2024 மே மாதம், நியூயார்க்கில் ஸாத்பீஸ் கம்பெனி நடத்தியது. ஏலத்துக்கு வந்தது லியனோரா காரிங்டன் என்ற பெண்மணி 1945-ல் வரைந்த ஓவியம். தலைப்பு, 'டகோபர்ட்டின் கேளிக்கைகள்'. ராஜா, நெருப்பு, தண்ணீர், எந்த மிருகக்காட்சி சாலையிலும் பார்க்க முடியாத ஜந்துக்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் வருமே, அந்த மாதிரிக் கனவுகள் பத்து ஒரே படத்தில். சுத்தியல் விழுந்து, கமிஷனும் சேர்ந்து, விலை 2 கோடியே 85 லட்சம் டாலர். நம் பணத்தில் சுமார் 237 கோடி ரூபாய்.

வாங்கியவர் எடுவர்டோ காஸ்டன்டினி. அர்ஜென்டினாக்காரர். புவெனஸ் அயர்ஸில் 'மால்பா' என்ற மியூசியத்தையே கட்டியவர். வேடிக்கை என்னவென்றால், இதே படம் 1995-லும் ஏலத்துக்கு வந்தது. அப்போது விலை 4,75,500 டாலர். கடைசி வரை போட்டி போட்டு, ஒரு படி கீழே நின்று கோட்டை விட்டவர் யார்? இதே காஸ்டன்டினி! 29 வருஷம் கழித்து அறுபது மடங்கு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

பாங்க்கில் வேலை பார்க்கும் என் நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் போனில் கால்குலேட்டரைத் திறந்தான். "மச்சி, கூட்டு வட்டியில பார்த்தா வருஷத்துக்கு 15 பர்சென்ட்டுடா! எங்க எஃப்.டி.யில இதுல பாதிகூட வராது. வேற யாராவது பொம்பளை ஆர்ட்டிஸ்ட் மலிவா இருக்காங்களா, பாரு."

பார்த்தேன். மலிவாக யாரும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தார்கள்.

சர்ரியலிசம் என்பது 1924-ல் பாரிஸில் ஆந்த்ரே ப்ரெடான் அறிக்கை விட்டு ஆரம்பித்த இயக்கம். புத்தியை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, கனவையும் அடிமனசையும் பேசவிடு என்பது கொள்கை. ரொம்பப் புரட்சிதான். ஆனால் பெண்கள் விஷயத்தில் அந்தப் புரட்சிக்காரர்களில் பலர் நம்ம பெரியப்பா மாதிரி. பெண் என்றால் கனவில் வர வேண்டும், படத்துக்கு போஸ் கொடுக்க வேண்டும். அவளே பிரஷ்ஷைத் தூக்கினால் கொஞ்சம் சங்கடம்.

1943-ல் பெக்கி குகன்ஹைம் என்ற அமெரிக்கப் பணக்காரி தன் நியூயார்க் காலரியில் 31 பெண்களின் படைப்புகளை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். படங்களைத் தேர்ந்தெடுக்கக் கணவர் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டை அனுப்பினார். எர்ன்ஸ்ட், டொரோத்தியா டானிங் என்ற ஓவியரின் வீட்டுக்குப் போனார், படத்தைப் பார்த்தார், செஸ் ஆடினார், அங்கேயே குடியேறிவிட்டார். கண்காட்சியை 30 பேரோடு நிறுத்தியிருக்கலாம் என்று பெக்கி பிற்பாடு ஜோக்கடிப்பாராம். (இந்த எர்ன்ஸ்ட், அதற்கு முன்னால் காரிங்டனின் காதலர். மனுஷனுக்கு ரசனை இருந்தது, வேறொன்றும் சொல்வதற்கில்லை.)

ஜென்னா சீகல் என்ற அமெரிக்க நாடகத் தயாரிப்பாளர், அந்த 31 பேரின் படைப்புகளையும் தேடித் தேடிச் சேர்த்து, 2023-ல் பெக்கியின் பழைய காலரி இருந்த அதே கட்டடத்தில் காட்சிக்கு வைத்தார். 31 பேரில் ஃப்ரீடா காலோ போன்ற ஒரு சிலரைத்தான் உலகத்துக்குத் தெரியும். மற்றவர்களில் பலரைக் கண்டுபிடிப்பது துப்பறியும் வேலைதான்.

காலோ தன்னை சர்ரியலிஸ்ட் என்று ஒப்புக்கொண்டதில்லை. ப்ரெடான்தான் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார். 1938-ல் ஹாலிவுட் நடிகர் எட்வர்ட் ஜி.ராபின்சன் அவருடைய நாலு படங்களை, படம் 200 டாலர் வீதம் வாங்கினார். அவருக்குக் கிடைத்த முதல் பெரிய விற்பனை அது. 1940-ல் அவர் வரைந்த 'கனவு' என்ற படம் 1980-ல் 51,000 டாலருக்குப் போனது. 2025 நவம்பரில் அதுவே 5 கோடியே 47 லட்சம் டாலர். ஒரு பெண் ஓவியரின் படத்துக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்திராத விலை. கூட்டு வட்டி கிட்டத்தட்ட 17 பர்சென்ட். இதில் காலோவுக்கு நயா பைசா கிடையாது. அவர் 1954-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

விலை ஏன் இப்படி ஏறியது? காமர்ஸ் படித்த நமக்குச் சுலபமான கேள்வி. மெக்ஸிகோ அரசாங்கம் 1984-ல் காலோவின் படைப்புகளையும், 2001-ல் ரெமேதியோஸ் வரோவின் படைப்புகளையும் தேசியக் கலைச் சின்னங்களாக அறிவித்துவிட்டது. நாட்டுக்குள் இருக்கும் படத்தை வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. ஏற்கெனவே வெளியே போனவை மட்டும்தான் உலகச் சந்தையில் சுற்றும். சப்ளை குறைவு, டிமாண்ட் ஜாஸ்தி.

வரோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஸ்பெயினில் பிறந்தவர். அங்கே உள்நாட்டுப் போர் என்று பாரிஸில் தங்கினார். அங்கே ஹிட்லர் படை வந்ததும் 1941 கடைசியில் மெக்ஸிகோவுக்குக் கப்பல் ஏறினார். பிழைப்புக்காக பேயர் மருந்துக் கம்பெனிக்கு விளம்பரப் படங்கள் வரைந்தார். மூட்டுவலி, தூக்கமின்மை இந்த மாதிரி. அவற்றில் 'வரோ' என்று கையெழுத்துப் போடவில்லை, அம்மா வீட்டுப் பெயரான 'உரங்கா'வைப் போட்டார். ஆபீஸுக்கு ஒரு பெயர், தனக்கு ஒரு பெயர். காலை ஒன்பதரைக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் நம்மில் எத்தனை பேருக்கு இது புரியும்!

அப்போது வந்தவர் வால்ட்டர் க்ருயென். ஹிட்லருக்குத் தப்பி வந்த ஆஸ்திரியாக்காரர். மெக்ஸிகோ சிட்டியில் இசைத்தட்டுக் கடை நடத்தினார். கோடீஸ்வரர் இல்லை, கடைக்காரர். வரோ அவரோடு வாழ ஆரம்பித்ததும், கடை வருமானத்தில் குடும்பம் நடந்தது. 'விளம்பரத்தை விடு, உன் படத்தை வரை' என்பதுதான் ஏற்பாடு. வரோ உட்கார்ந்து வரைந்தார். ஒல்லியான பெண்கள், விநோத வண்டிகள், நட்சத்திரத்தை அரைத்து நிலாவுக்கு ஊட்டும் ஒருத்தி. இன்று உலகம் தேடும் வரோவின் படங்கள் பெரும்பாலும் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வந்தவை. 1963-ல் மாரடைப்பு. வயது 54.

அதன் பிறகு க்ருயென் செய்ததுதான் விசேஷம். விற்றுப்போன படங்களைத் தேடித் தேடித் திரும்ப வாங்கினார். நாற்பது வருஷம் கட்டிக் காத்து, அத்தனை படங்களுக்கும் பட்டியல் தயாரித்துப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். 2000-ம் வருஷ வாக்கில், சேர்த்ததில் ஏறக்குறைய 40 படைப்புகளை மெக்ஸிகோ நவீனக் கலை மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார். வரோவின் அண்ணன் மகள், 'வாரிசு நான்' என்று கேஸ் போட்டு அது பல வருஷம் இழுத்தது தனிக் கதை. படங்கள் மியூசியத்திலேயே தங்கின. க்ருயென் 2008-ல் காலமானார். வரோவின் ஒரு படம் 2020-ல் 62 லட்சம் டாலருக்கு விலை போனதைப் பார்க்க அவர் இல்லை.

அதை வாங்கியவரும் காஸ்டன்டினிதான்.

நண்பனிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தொழில் புத்தி விடாமல், "சரி, அந்த ரெக்கார்டு கடைக்காரருக்கு என்னடா ரிட்டர்ன்?" என்றான்.

லாப்டாப்பில் கட்டம் போட்டேன். போட்ட பணம், காத்திருந்த காலம், கடைசியில் கைக்கு வந்தது பூஜ்யம். மைனஸ் நூறு பர்சென்ட் என்று காட்டியது.

அவன் எட்டிப் பார்த்தான்.

"ஃபார்முலாவைத் தப்பாப் போட்டிருக்கேடா" என்றான்.