பாட்டுக்கு ஊர் உண்டு

நாட்டார் பாடல் தொகுப்பு ஒன்றுக்கு அண்மையில் பரிசு கொடுத்தார்கள். பரிசைப் பற்றி நமக்குப் புகார் இல்லை. அதைப் பாராட்டி ஓர் இதழில் வந்த கட்டுரைதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாட்டார் பாடலுக்கு ஊரும் பேரும் கிடையாது, அது மண்ணிலிருந்து தானாகக் கிளம்பும் குரல் என்கிறது அக்கட்டுரை. தொகுப்பைப் புரட்டினோம். எந்தப் பாட்டின் கீழும் ஊர் இல்லை, பாடியவர் இல்லை, கேட்டு எழுதியவரும் இல்லை.

நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வெளிவந்தது. அதில் பாட்டு முடிந்ததும் கீழே வட்டார வழக்குச் சொல்லுக்குப் பொருள் இருக்கும். அதன் கீழே சேகரித்தவர் பெயர், அதற்கும் கீழே இடம். நம்மில் பலர் பாட்டைவிட அந்த அடிவரிகளைத்தான் முதலில் தேடிப் படித்தோம். நம் ஊர்ப்பக்கம் வருகிறதா என்று பார்த்த ஆவல் இன்னும் நினைவிருக்கிறது. 1917இல் நாங்குநேரியில் பிறந்தவர் அவர். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். அவருக்குப் பல்கலைக்கழக நாற்காலி இல்லை. கிராமத்து வாத்தியார்களும் தோழர்களும் கேட்டு எழுதி அனுப்பினார்கள். அவர்கள் உழைப்பை அவர் தன் பெயருக்குள் கரைத்துக்கொள்ளவில்லை. பாடிய பெண்களின் பெயர்களும் அங்கே இருந்திருக்க வேண்டும். அந்தக் குறை அந்த நூலுக்கு உண்டு. குறையைத் தீர்க்க வேண்டிய பின்தலைமுறை, இருந்த இரண்டு வரியையும் அழித்திருக்கிறது.

ஊர்ப்பெயர் எதற்கு என்பவர்கள் முத்துப்பட்டன் கதையைப் பார்க்கட்டும். பிராமணன் முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்தான். பூணூலை அறுத்து, மாமனார் தொழிலை ஏற்று, கிடைமாட்டைக் காக்கப் போய் மாண்டான். காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. ஆனால் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், பகடை வளர்த்தார், அவ்வளவே என்று சொல்லும் பாடமும் வில்லுப்பாட்டில் உண்டு. அது பின்னால் வந்த செருகல் என்று வானமாமலை காட்டினார். எந்தப் பாடம் யாருடையது, எங்கே, யார் முன்னால் பாடப்பட்டது என்று கேட்டால்தான் அந்தச் செருகல் கண்ணில் படும். ஊரை அழித்துவிட்டால் இரண்டும் ‘மண்ணின் குரல்’ ஆகிவிடும். பகடையின் மகள்களைப் பறித்துக்கொண்ட கையும் மண்ணுக்குள் மறைந்துவிடும்.

வானமாமலையின் மார்க்சியம் சில இடங்களில் அவசரப்பட்டது உண்மை. கட்டபொம்மன் கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் வரலாற்றுச் சான்றாக எடுத்ததில் அமைப்பியலாருக்கு மனக்குறை உண்டு. ஆனால் அவர் நடத்திய நெல்லை ஆய்வுக் குழுவில் கட்டுரை வாசித்துவிட்டு யாரும் கேள்விக்குத் தப்பிவிட முடிந்ததில்லை. அந்தக் கூட்டங்களிலிருந்து எழுதக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்! நாட்டார் கதைகளைக் கூறு பிரித்து வகைப்படுத்திய பிராப்பையும் தாம்சனையும் படித்துத் தேர்ந்த நாம் அட்டவணை போடுகிறோம். அட்டவணையில் வினைக்கூறு இருக்கிறது. நாற்று நட்டுக்கொண்டே பாடியவள் இல்லை. திரைப்படத்துக்கு ஒரு மெட்டு போகும்போது ‘பாரம்பரியம்’ என்று போட்டுக் கணக்கை முடிக்கிறார்கள். ஆய்வேட்டில் அவள் ‘தகவலாளி 14’. ஆவணக்காப்பகங்களில் ஒலிநாடாக்கள் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. மேலே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிட்டால் உள்ளே இருப்பது யார் குரல் என்று சொல்ல ஆளில்லை. பேர் இல்லாதவளுக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. பேர் கிடையாது என்ற கொள்கை இவ்வளவு பேருக்கு வசதியாக இருப்பதால்தான் இதை விடாமல் சொல்கிறோம்.

1980இல் வானமாமலை மறைந்தார். அவர் தொடங்கிய வேலை முடியவில்லை. வாசகர்கள் தங்கள் ஊரில் கேட்ட தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் எழுதி அனுப்புங்கள். பாடியவர் சம்மதித்தால் அவர் பெயர், ஊர், கேட்ட நாள், எழுதியவர் பெயர் நான்கும் வேண்டும். இவை இல்லாத பாட்டை இந்த இதழ் இனி அச்சிடாது.