முளையைப் பார்த்தவர் யார்?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மூடநம்பிக்கையை வளர்த்து வைத்திருக்கிறோம். அறிவாளிப் பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும் வாத்தியார் கண்ணுக்குத் தப்பாதாம். தப்பினால் பிள்ளையிடம் சரக்கு இல்லையாம். அமெரிக்க அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் இதை நம்பித்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான மீத்திறன் வகுப்புகளுக்கு ஆள் எடுத்தன. பல ஊர்களில் இன்றும் எடுக்கின்றன. முதலில் ஆசிரியரோ பெற்றோரோ கைகாட்ட வேண்டும். அதன் பிறகே நுண்ணறிவுச் சோதனை. யாரும் கைகாட்டாத பிள்ளைக்குச் சோதனையே கிடையாது.

இந்த நம்பிக்கைக்கு நூறு வருடங்களுக்கு முன்பே அடி விழுந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921-இல் கலிஃபோர்னியாவில் அறிவுக் கூர்மையுள்ள பிள்ளைகளைத் தேடத் தொடங்கினார். வகுப்பிலேயே கெட்டிக்காரர் யார் என்று ஆசிரியர்களைக் கேட்டார்; வயதில் இளையவர் யார் என்றும் கேட்டுவைத்தார். அவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை வைத்துப் பார்த்தபின் அவர் வந்து சேர்ந்த முடிவு, ஆசிரியரைக் கேட்பதைவிடப் பதிவேட்டில் பிறந்த தேதியைப் பார்த்து இளையவரைத் தேர்வதே மேல் என்பது. (டெர்மனின் சோதனையும் தெய்வவாக்கு அல்ல. அது கழித்துவிட்ட சிறுவர்களில் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும், பின்னாளில் இயற்பியல் நோபல் வாங்கினார்கள்.)

ஆனால் சரியான பாடம் ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் இருந்தார்கள். மூன்றாம் வகுப்பு மீத்திறன் பட்டியலிலோ அவர்கள் 28 விழுக்காடுதான் இருந்தார்கள். 2005-இல் மாவட்டம் ஒரு எளிய காரியம் செய்தது. யார் சிபாரிசுக்கும் காத்திராமல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு முதற்கட்டச் சோதனை வைத்தது. அதில் வாசிக்க ஒரு பத்தியும் இல்லை. கட்டமும் வட்டமுமாக ஒரு வடிவ வரிசை, நடுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். பொருந்தும் துண்டைப் பிள்ளை காட்ட வேண்டும். நன்றாகச் செய்தவர்கள் உளவியலாளரின் முழுச் சோதனைக்குப் போனார்கள்.

ஹிஸ்பானியப் பிள்ளைகளில் மீத்திறன் வகுப்பில் இடம்பெற்றவர்கள் 2 விழுக்காட்டிலிருந்து 6 ஆனார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் 1 விழுக்காட்டிலிருந்து 3 ஆனார்கள். உடனே "தரத்தைத் தாழ்த்திவிட்டார்கள்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். தாழ்த்தவில்லை. நுண்ணறிவு ஈவு 130 என்ற வரம்பு அப்படியே இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் பழகும் பிள்ளைகளுக்கும் சற்றுக் குறைந்த வரம்பு உண்டுதான். அதுவும் முன்பே இருந்த சலுகை. சலுகை இருந்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம், அந்தப் பிள்ளைகளை வாசல்வரை யாரும் அழைத்து வராததுதான். டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பெண் பிள்ளைகளும் அப்படி விடுபட்டவர்களில் இருந்தார்கள்.

ஆசிரியர்களைத் திட்டுவது என் நோக்கமல்ல. முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்பவருக்குக் கண்ணில் படுவது அழகான கையெழுத்து, முந்திக்கொண்டு உயரும் கை, தடங்கலில்லாத ஆங்கிலம், கூட்டத்துக்குத் தவறாமல் வரும் பெற்றோர். இவையெல்லாம் வசதியின் அடையாளங்கள். வாய் திறக்காத பிள்ளையின் மண்டைக்குள் ஓடும் கணக்கு எவர் கண்ணுக்குத்தான் தெரியும்?

பொருளாதார நெருக்கடியில் பணம் இல்லை என்று 2010-இல் ப்ரோவர்ட் அந்தச் சோதனையை நிறுத்தியது. பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தது. அதே ஆசிரியர்கள், அதே ஊர், அதே மாதிரிப் பிள்ளைகள். திறமை தானே வெளியே வரும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

நம் ஊருக்கும் இது பொருந்தும். எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தேறினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதில் ஒரு தாள் மனத்திறன் தேர்வு. பாடப் புத்தகத்துக்கு வெளியே பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்ப்பதற்கே வைத்தது. ஆனால் அதை எழுதவே ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஐந்து விழுக்காடு தளர்வு, அவ்வளவே. மதிப்பெண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்க ஒரு தேர்வு வைத்துவிட்டு, அதன் வாசலில் மதிப்பெண்ணையே காவலுக்கு நிறுத்தியிருக்கிறோம். வகுப்பில் மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் ஏறிவிட்ட பிள்ளைக்கு விண்ணப்பம் போட எந்தப் பள்ளி மெனக்கெடும்?

அந்த 55 விழுக்காட்டு நிபந்தனையை எடுங்கள். தேர்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்கட்டும். அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அத்தனை பேரும், பட்டியல் போடாமல், ஒருமுறை அந்த மனத்திறன் தாளை எழுதட்டும். தேறியவர்கள் பெயரைப் பார்த்து முதலில் ஆச்சரியப்படப் போகிறவர்கள் அவர்களின் வகுப்பாசிரியர்களாகத்தான் இருப்பார்கள்.