பழநிக்கு நடக்கும் குழுவோடு போகும் வண்டி... பின்பட்டை தாங்குமா?

மார்கழி பாதி தாண்டிவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் இரண்டு வேலைகள் தொடங்கிவிடும். ஒன்று, தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கப் போகிறவர்கள் மாலை போடுவது. இன்னொன்று, அவர்களோடு போக வேண்டிய வண்டியை யாரிடம் கேட்பது என்ற பேச்சு.

பொன்னமராவதிப் பக்கத்துக் குழுக்கள் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நடப்பார்கள். போய்ச் சேர நான்கு, ஐந்து நாள் ஆகும். வழியில் சமைக்க வேண்டும், படுக்க வேண்டும், குளிக்க வேண்டும். அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு, சிலிண்டர், தார்ப்பாய், ஜமுக்காளம், ஜெனரேட்டர், மைக் செட், தண்ணீர் கேன், அதற்கு மேல் ஆளுக்கொரு துணிப்பை. வெளிநாட்டுக்காரர்கள் பிக்கப் வண்டியில் கூடாரம் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் போய்த் தங்குவதை ‘கேம்பிங்’ என்கிறார்கள். நம் ஊர் பாதயாத்திரை வண்டியில் இருப்பதும் அதே சரக்குதான். ஆட்கள் மட்டும் பத்து மடங்கு அதிகம்.

கிளம்புவதற்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த வண்டி ஸ்பிரிங் ஒர்க்ஸ் வாசலில் நிற்கும். “அண்ணே, போன வருஷம் பின்னாடி உட்கார்ந்துருச்சு. ஒரு பட்டை ஏத்தி விட்டுடுங்க” என்பதுதான் வழக்கமாகக் கேட்கப்படுவது. ஏற்றியும் விடுவார்கள். அரை நாள் வேலை. அந்த ஒரு பட்டை தேவைதானா என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

முதலில் எடை மேடை

பட்டையைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 பேர் கொண்ட குழு, ஐந்து நாள் பயணம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆளுக்கு 5 கிலோ பை என்றால் அதுவே 300 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 ஏற்றினால் 400 கிலோ. அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் எல்லாம் சேர்த்து 250 கிலோ. 19 கிலோ கேஸ் பிடிக்கும் வணிக சிலிண்டர், இரும்பு எடையும் சேர்ந்தால் ஒன்று சுமார் 35 கிலோ. மூன்று சிலிண்டருக்கு 105. பாத்திரமும் அடுப்பும் 100. தார்ப்பாய், ஜெனரேட்டர், மைக் செட்டுக்கு இன்னொரு 100. கூட்டினால் 1,255 கிலோ. அதாவது ஒன்றேகால் டன்!

நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைக்கப்படும் டாடா ஏஸ் 2005-ல் வந்தது. இப்போதைய ஏஸ் கோல்டு பெட்ரோல் வண்டியில் ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ. 2011-ல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் அறிமுகமானபோது அதன் சுமை ஒன்றேகால் டன். மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் 1.7 டன் ரகம் இருக்கிறது. ஆக, இதே சரக்குக்குப் பொலேரோ தாராளம், தோஸ்த் விளிம்பில், குட்டி யானை அரை டன் அதிகச் சுமையில். போன வருடம் பின்பக்கம் உட்கார்ந்ததற்குப் பட்டைமேல் பழி போட முடியாது.

சரக்கிலேயே பெரிய ஆள் யார் என்று பாருங்கள்: தண்ணீர். திண்டுக்கல் சாலையில் தண்ணீர் கிடைக்காத இடம் குறைவு. ஐந்து கேன் மட்டும் வைத்துக்கொண்டு தங்குமிடங்களில் நிரப்பிக்கொண்டால் 300 கிலோ இறங்கிவிடும். துணிப்பை ஆளுக்கு 3 கிலோதான் என்று குருசாமி கண்டிப்பாகச் சொன்னால் (சொல்ல வேண்டும், கேட்பார்களா என்பது வேறு!) 120 கிலோ. காய்கறியை ஊரிலிருந்தே சுமப்பானேன்? ஒட்டன்சத்திரத்தில் தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று வழியிலேயே இருக்கிறது. சாமானில் 100 கிலோவை வழியில் வாங்கிக்கொள்ளலாம். மொத்தம் 520 கிலோ குறைந்து, சுமை 735-க்கு வந்துவிடுகிறது. டிரைவரும் பக்கத்தில் உட்காருபவரும் இதில் சேரவில்லை. அவர்களுக்காக இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். ஆனால், ஒரு பட்டையும் வாங்காமலே பிரச்னை முக்கால்வாசி முடிந்துவிட்டது.

இதெல்லாம் காகிதக் கணக்கு. சாமான் ஏற்றிய பிறகு ஒரு எடை மேடையில் வண்டியை நிறுத்துங்கள். மொத்த எடை ஒரு முறை, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு முறை. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் மொத்த எடை வரம்பும் காலி எடையும் போட்டிருக்கும். ரசீதை அதோடு ஒப்பிட்டால் போதும்.

ஐந்து நாளா, 360 நாளா?

சரி, சுமை வரம்புக்குள் வந்த பிறகும் பின்பக்கம் தாழ்கிறது என்றால் பட்டையைப் பார்க்கத்தான் வேண்டும். எந்தப் பட்டை என்பதை முடிவு செய்ய வேண்டியது, பழநி போகும் ஐந்து நாள் அல்ல. அந்த வண்டி மீதி 360 நாள் என்ன ஏற்றுகிறது என்பதுதான்.

கீரமங்கலத்திலிருந்து பூ ஏற்றும் வண்டி ஒன்று. வடகாட்டிலிருந்து பலாப்பழம் ஏற்றும் வண்டி இன்னொன்று. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டி ஏற்றும் வண்டி மூன்றாவது. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருந்தாலும் மூன்றுக்கும் ஒரே பட்டை சரிப்படாது.

பூ வண்டியில் சரக்கு பார்க்கத்தான் மலை மாதிரி, எடை கொஞ்சம். அதில் ஒரு பட்டையை ஏற்றினால் வருடம் முழுக்க வண்டி குதித்துக்கொண்டே ஓடும். குதிக்கும் சக்கரம் சாலையைச் சரியாகப் பிடிக்காது. மழை நாளில் காலி வண்டியில் பிரேக் அடித்தால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போவது இப்படித்தான். இந்த மாதிரி வண்டிக்குப் பழைய பட்டை தளர்ந்திருந்தால் கம்பெனி அளவிலேயே புது செட் போடுவது போதும். கூடுதல் பலம் கட்டாயம் வேண்டுமென்றால் ‘ஹெல்பர்’ பட்டை கேட்கலாம். அது முதன்மைக் கட்டோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்த பிறகுதான் வேலைக்கு வரும். காலியாக ஓடும்போது அது இருப்பதே தெரியாது.

பலாப்பழ வண்டி வேறு கதை. சீசனில் தினமும் வரம்பை ஒட்டிய சுமை. அதற்கு ஒரு பட்டை கூட்டுவதில் நியாயம் இருக்கிறது.

மீன் வண்டிக்குப் பலத்தைவிட உப்புதான் பகை. பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பட்டைகளுக்கு நடுவில் இறங்கித் துரு ஏற்றும். துரு அரித்த சிறு குழியில்தான் விரிசல் தொடங்கும். அந்த வண்டியைப் பழநிக்குக் கேட்கிறவர்கள் பட்டையை நன்றாகக் கழுவி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்றால்...

பட்டை கூட்டும்போது எண்ணிக்கையைவிடத் தடிமன்தான் முக்கியம். ஐந்து பட்டை உள்ள கட்டில் அதே தடிமனில் இன்னொன்று சேர்த்தால், விறைப்பு தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் தடிமன் கூடினால் அது மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மி.மீ. பட்டைகளுக்குப் பதில் 7 மி.மீ. போட்டால் விறைப்பு ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும். கைக்குக் கிடைத்த தடித்த பட்டையை எடுத்துச் சொருகுவது ஏன் வண்டியைக் கட்டை வண்டி ஆக்கிவிடுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

வண்டிக்கு ‘வில்’ வைப்பது நமக்குப் புதிதல்ல. மாட்டு வண்டியிலேயே அடியில் வளைந்த பட்டை வைத்து, அலுங்காமல் போகும் ரகத்துக்கு ‘வில்வண்டி’ என்று பெயர். வில் வளைந்து கொடுத்தால்தான் வில்.

தளர்ந்த பட்டையை நெருப்பில் காய்ச்சி மறுபடி வளைத்துத் தருகிறவர்களும் உண்டு. செலவு குறைவு. ஆனால் பட்டையின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. சூடேற்றி, சரியான பக்குவத்தில் குளிரவைத்து, மீண்டும் பதமாக்கும் வசதி உள்ள இடத்தில் செய்தால் சரி. வெறுமனே காய்ச்சி அடித்து வளைத்தது, சுமை ஏறியதும் பழையபடி படுத்துக்கொள்ளும். உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பது பற்றி விவாதமே வேண்டாம். கூடாது, அவ்வளவுதான். அந்தப் பட்டையைத் திருப்பாச்சேத்திப் பக்கம் கொடுத்தால் நல்ல அரிவாள் ஆகும்.

மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். இடது புதுசு, வலது பழசு என்றால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். யூ போல்ட்டையும் சென்டர் போல்ட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்ஸில் இடம் நகர்ந்துவிடும். அதைத் தவிர்க்க ஆகும் செலவு சின்னது.

சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பி வழியாக இணைந்த பிரேக் வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சுமையைக் கணித்து, அதற்கேற்ப பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. பட்டை ஏற்றி வண்டியை உயர்த்திவிட்டால், ஒரு டன் ஏறியிருக்கும்போதும் அந்த வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் மந்தமாகும். பட்டை ஏற்றிய கையோடு அந்த வால்வைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்காவிட்டால் பலர் விட்டுவிடுவார்கள். பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

விடியற்காலை 3 மணி

பட்டை விஷயம் வெறும் வண்டிச் செலவு விஷயம் என்று நினைக்கிறவர்கள், பாதயாத்திரை நடக்கும் நேரத்தை யோசிக்க வேண்டும். வெயிலுக்கு முன் நடந்துவிட வேண்டும் என்று இரவு இரண்டு, மூன்று மணிக்கே கிளம்புகிறார்கள். சாலையோரம் வரிசையாக ஆட்கள். குழந்தைகள், காவடி, கையில் சின்ன டார்ச். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய வண்டி.

பின்பக்கம் உட்கார்ந்த வண்டியின் ஹெட்லைட் மேலே பார்க்கும். ஏஸ் வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.1 மீட்டர். பின்பக்கம் 5 செ.மீ. தாழ்ந்தால், 25 மீட்டர் தூரத்தில் விளக்கின் ஒளி சுமார் 60 செ.மீ. மேலே ஏறிவிடும். எதிரே வரும் லாரி டிரைவரின் கண் கூசும். லாரிக்காரர் அந்த ஒரு நொடி எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் ஒதுங்கும் பக்கத்தில் நம் ஆட்கள் நடந்துகொண்டிருக்கலாம். ஹெட்லைட் உயரம் மாற்றும் குமிழ் உள்ள வண்டி என்றால் சுமை ஏற்றியதும் அதைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு சுவரில் விளக்கை அடித்துப் பார்த்து மெக்கானிக்கிடம் சரிசெய்துகொள்ளலாம்.

அதிக எடையைப் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், டெயில் கதவை ஒட்டி அடுக்கினால் இந்தத் தாழ்வு இன்னும் மோசமாகும். முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங்கும் பிடிப்பு இழக்கும். சிலிண்டர், அரிசி, தண்ணீர் எல்லாம் கேபினை ஒட்டிக் கீழே; துணிப்பை, ஜமுக்காளம் பின்னால். அடுக்கும் முறையை மாற்றுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

அப்புறம், கடைசி நாள். கால் கொப்புளம் போட்டவர்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று மூட்டை மேல் ஏறி உட்காருவார்கள். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து பேர் ஏறினால் 300 கிலோ, அதுவும் உச்சியில். சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏற்றிச் செல்லப்படும் பயணிகளுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடக்க முடியாதவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதற்குக் குழுப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம்.

அதிகச் சுமைக்கும் பட்டை பதில் சொல்லாது. எத்தனை பட்டை ஏற்றினாலும் ஆர்.சி.யில் இருக்கும் எடை வரம்பு ஒரு கிலோ கூடாது. டயர், பிரேக், ஆக்ஸில் எல்லாம் பழைய அளவுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

கிளம்பும் முன், காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்தின் மையத்திலிருந்து பாடியின் அடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிவையுங்கள். புதுப் பட்டை போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் யூ போல்ட் கொஞ்சம் தளரும். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வாங்க நிறுத்தும்போது ஒரு மெக்கானிக்கிடம் காட்டி இறுக்கிக்கொள்ளலாம். தைப்பூசம் முடிந்து ஊர் திரும்பி, சாமான் எல்லாம் இறக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். எழுதிவைத்த அளவுக்கு வண்டி திரும்பி வராமல் தாழ்ந்தே நின்றால் பட்டை தளர்ந்துவிட்டது. அடுத்த மார்கழி வரை காத்திருக்காமல் அப்போதே மாற்றிவிடலாம்.