இருளையும் அளந்து பாருங்கள்



மின்மினிப் பூச்சியின் ஒளி நண்பகலில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவிலோ அதே ஒளி தோப்பின் மறுகோடியிலிருந்தும் தெரிகிறது. பூச்சியின் ஒளி கூடவில்லை. சுற்றிலும் இருள் கூடியிருக்கிறது. நோயறியும் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசும்போது இந்த எளிய உண்மையை நாம் மறந்துவிடுகிறோம் என்பது என் கருத்து.

பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி இதை உண்டாக்குகிறது. புற்றுநோய்க்காக அச்சுரப்பியை அகற்றிய பிறகு, இரத்தத்தில் இப்புரதம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட வேண்டும். மீண்டும் தலைகாட்டி, ஏறிக்கொண்டே போனால், நோய் திரும்பியிருக்கலாம். ஆகவே மிகச் சிறிய அளவையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், குழியின் அடியில், இப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பூசி வைக்கிறார்கள். இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை அதில் விட்டால் புரதம் சிக்கிக்கொள்ளும். பிறகு, மற்றோர் எதிர்ப்பொருளைச் சுமந்த ஒளிரும் நுண்துகள்கள் அப்புரதத்தின்மேல் வந்து ஒட்டும். ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, எஞ்சிய ஒளியை அளக்கிறார்கள். பின்லாந்து நாட்டின் டுர்க்கு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2001-ஆம் ஆண்டில் பி.எஸ்.ஏ.வைக் கண்டறிய யூரோப்பியம் அடங்கிய துகளைப் பயன்படுத்திக் காட்டினார்கள். அத்துகளின் குறுக்களவு சுமார் 107 நானோமீட்டர்தான். அதற்குள் 30,000-க்கும் மேற்பட்ட ஒளிரும் யூரோப்பிய மூலக்கூறுகள்!

இங்கே இயற்பியல் செய்யும் வேலையைப் பாருங்கள். புறஊதா ஒளி பட்டதும் துகள் மட்டுமா ஒளிர்கிறது? சீரமும் பிளாஸ்டிக்கும்கூடச் சற்று ஒளிர்கின்றன. ஆனால் அந்த வேண்டாத ஒளி பெரும்பாலும் சில நானோவினாடிகளில் அணைந்துவிடும். யூரோப்பியத்தின் ஒளியோ பல நூறு மைக்ரோவினாடிகள் நீடிக்கும். ஆகவே, விளக்கு ஒருமுறை பளிச்சிட்டதும் கருவி சுமார் 400 மைக்ரோவினாடி பொறுத்திருந்து, அதன் பிறகே ஒளியை எண்ணத் தொடங்குகிறது. இருட்டும்வரை காத்திருந்து மின்மினியைப் பார்ப்பது போலத்தான்.

ஆனால் காத்திருப்பதால் நீங்காத பிழை ஒன்று உண்டு. புரதம் இல்லாத இடத்தில், குழியின் சுவரில், ஒரு துகள் தானாகவே ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அதுவும் அதே யூரோப்பிய ஒளியைத்தான் தரும். கருவிக்கு வேறுபாடு தெரியாது. ஒரே ஒரு துகள் தவறாக ஒட்டினாலும் முப்பதாயிரம் பொய் விளக்குகள் எரிகின்றன! துகள் பிரகாசமாக ஆக ஆக, இந்தப் பொய்யும் பெரிதாகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து நிம்மதியாக வீடு திரும்பிய ஒருவரை அது காரணமின்றிக் கலங்கடித்துவிடும்.

அப்படியானால் பிரகாசம் தேவையில்லையா? தேவைதான். ஆனால், "இந்தத் துகள் இத்தனை மடங்கு பிரகாசமானது" என்று செய்தி வந்தால் உடனே வியந்துவிடாதீர்கள். "அந்தப் புரதம் இல்லாத குழியில் எவ்வளவு ஒளி வந்தது?" என்று கேளுங்கள். விடை கூறப்படாவிட்டால் அச்செய்தி பாதிச் செய்தியே.

என் செய்முறை வகுப்பில், போட்டோசெல்லை மூடிவைத்து, இருட்டில் வரும் மின்னோட்டத்தை முதலில் குறிக்கச் சொல்வேன். "அது சைபர்தானே சார், எதற்கு?" என்று மாணவர்கள் கேட்பார்கள். மூடிப் பார்த்தால் பல சமயம் முள் சைபரில் நிற்பதில்லை! அந்த எண்ணைக் கழிக்காமல் எழுதும் விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் பிழையானதே.

நீங்களும் உங்கள் பள்ளிப் பரிசோதனைச் சாலையில் இந்தப் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். அளக்க வேண்டிய பொருளை வைப்பதற்கு முன்னால், பொருள் இல்லாதபோது கருவி என்ன காட்டுகிறது என்பதை நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள். உங்களில் ஒருவர் பிற்காலத்தில் ஒரு நோயாளியின் சீரத்தை அளக்கும்போது, அந்த முதல் வரியின் அருமை தெரியும்.