கூடப் படித்தவர்கள்



வைகாசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் வைத்துவிட்டு குருக்களைத் தேடி அலைந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். "அன்னைக்கு எனக்கு மூணு வீடு இருக்கு. சித்தப்பா பையனை அனுப்பிவைக்கறேன், கவலைப்படாதீங்க" என்பார். நாமும் நிம்மதியாக வாழைமரத்துக்குச் சொல்லப் போய்விடுவோம்.

அந்தச் சித்தப்பா பையன் இல்லாத அர்ச்சகர் என்ன செய்வார்?

பரம்பரையாக வருபவருக்கு அப்பா, மாமா, மைத்துனர் என்று ஒரு படையே இருக்கிறது. அரசு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் படித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கருவறைக்குள் போகிறவருக்கு அப்படி யாரும் இல்லை. மந்திரத்தில் சந்தேகம் வந்தாலும், காய்ச்சலில் படுத்தாலும் அவர் போன் செய்யக்கூடியது கூடப் படித்தவர்களுக்குத்தான்.

2006-ல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை வந்தது. அதையடுத்து மதுரை, திருவண்ணாமலை, பழநி, திருச்செந்தூரில் சைவத்துக்கும், ஸ்ரீரங்கம், திருவல்லிக்கேணியில் வைணவத்துக்குமாகப் பள்ளிகள் தொடங்கினார்கள். இருநூறுக்கும் அதிகமானவர்கள் படித்து முடித்தார்கள். ஆனால் அரசாணையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது; தீர்ப்பு வந்தது 2015 டிசம்பரில்.

இடைப்பட்ட வருஷங்களில் அந்த வீடுகளில் என்ன பேச்சு நடந்திருக்கும்? "படிச்சு என்ன ஆச்சு? பேசாம வேற வேலைக்குப் போ." எந்த அம்மாவும் சொல்லக்கூடியதுதான். சிலர் போகவும் செய்தார்கள். ஆனாலும் தொடர்பை விடவில்லை. பயிற்சி பெற்ற மாணவர்கள் என்று சங்கமாகச் சேர்ந்தார்கள், வழக்கிலும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்று, அப்படிப் படித்தவர்களில் 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. தனித்தனியாக ஊருக்குத் திரும்பியிருந்தால் இத்தனை வருஷம் யார் தாக்குப்பிடித்திருப்பார்கள்? அரசாணையைப் பற்றியும் தீர்ப்பைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டோம். இந்தச் சிநேகிதத்தைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

இன்னொரு விஷயம், தீட்டு. பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பங்காளிகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் தீட்டு. அண்ணன் சந்நிதிக்குள் போகமுடியாத அதே நாட்களில் தம்பியாலும் போகமுடியாது. சாமிக்கு நித்திய பூஜை நிற்கலாமா? அப்போது கைகொடுக்கப் பங்காளி அல்லாத ஒருவர்தான் வரவேண்டும். ஒரே ஆகமம் படித்து, தீட்சையும் பெற்ற பள்ளித் தோழர் பக்கத்து ஊரில் இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

நடுவில் நின்றுபோயிருந்த பள்ளிகள் இப்போது மறுபடி நடக்கின்றன. 2023-ல் ஸ்ரீரங்கத்தில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். கருவறைப் பூஜையில் அவர்களுக்கு முன்னால் வழிகாட்ட அக்காவோ அத்தையோ கிடையாது. அந்த மூன்று பேருக்கும் ஒருவருக்கொருவர்தான் முன்னோடி.

உங்கள் பிள்ளை இப்படி ஒரு பள்ளியில் சேர்ந்திருந்தால், லீவுக்கு வரும்போது மார்க்கை மட்டும் விசாரிக்காதீர்கள். ரூமில் கூட இருப்பது யார், எந்த ஊர், சாயங்காலம் யாரோடு உட்கார்ந்து பாடத்தை ஒப்பிக்கிறான் என்றும் கேளுங்கள். அந்த நண்பனை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து இலை போடுங்கள்.

கோயில் கமிட்டியில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடமுழுக்கு என்றால் யாகசாலையில் ஒவ்வொரு குண்டத்துக்கும் ஆள் வேண்டும், ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. உங்கள் ஊர்க் கோயிலில் பயிற்சி முடித்த இளைஞர் இருந்தால், நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே அவரிடம், "தம்பி, உங்ககூடப் படிச்சவங்க எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டுவிடுங்கள். வருகிறவர்கள் தங்க இடமும் பஸ் செலவும் கமிட்டிக் கணக்கில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்