ரூட் 32-ல் ஒரு வால் வியாபாரி: சம்பளக்காரங்களுக்கு போக்கிமான் சொல்லும் கணக்கு



திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்கு வேலைக்குப் போறவங்களுக்காகவே இந்தப் பதிவு. அரக்கோணம் வழியா சுமார் 80 கிலோமீட்டர் ரயில் பயணம். கையில் போன், போனில் ஏதாவது ஒரு கேம். "கேம் ஆடி நேரத்தை வீணாக்காதீங்க"ன்னு அட்வைஸ் பண்ண நான் வரல. ஒரு பழைய கேமில் ஒரே ஒரு பாதையை நிதானமா சுத்திப் பார்த்தாலே, சம்பளப் பணத்தை எப்படிக் காப்பாத்தணும்னு புரிஞ்சிடும். அதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல, பாதை

போக்கிமான் கோல்டு, சில்வர். 1999-ல் ஜப்பானில் கேம் பாய்க்கு வந்தது. கதை நடக்கிற ஜோட்டோ, ஜப்பானின் கன்சாய் பகுதியை மாதிரியா வெச்சு உருவாக்கினது. வயலெட் சிட்டியில் முதல் ஜிம்மை ஜெயிச்சதும் தெற்கே இறங்கினா ரூட் 32. நீளமான பாதை. புல்வெளி, தண்ணி மேல மரப்பாலம், பாலத்தில் தூண்டில் போட்டு நிக்கிற ஆளுங்க, கடைசியில் ஒரு போக்கிமான் சென்டர். அதை ஒட்டி யூனியன் கேவ் என்ற குகை.

இங்கே பண விதி ரொம்ப எளிது. வழியில் நிக்கிற டிரெய்னர்களை ஜெயிச்சா பரிசுப் பணம். புல்லில் இருந்து குதிக்கிற காட்டுப் போக்கிமானை ஜெயிச்சா அனுபவம் மட்டும்தான், காசு கிடையாது. உங்க போக்கிமான் எல்லாமே மயங்கி விழுந்துட்டா? கையில் இருக்கிற பணத்தில் சரிபாதி போயிடும்.

அம்மாவின் 25 சதவீதம்

பயணம் கிளம்பும் முன் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட பேசினா ஒரு கேள்வி கேட்பாங்க: உன் பணத்தில் கொஞ்சம் நான் சேர்த்து வைக்கட்டுமா? "சரி"ன்னு சொன்னா, அதுக்கப்புறம் ஜெயிக்கிற ஒவ்வொரு பரிசிலும் கால் பங்கு தானா அம்மாகிட்ட போயிடும். நிறைய பேர் "வேணாம்"னு சொல்லிட்டுக் கிளம்பிடுவாங்க. கால் பங்கு குறையுதேன்னு கவலை.

கணக்குப் போட்டுப் பாருங்க. ரூட் 32 முடியறதுக்குள்ள 8,000 ஜெயிச்சீங்கன்னு வைங்க. அம்மாகிட்ட எதுவும் போகல. குகைக்குள்ள ஒரு தடவை விழுந்தா மிச்சம் 4,000. ரெண்டு தடவை விழுந்தா 2,000. இதுவே அம்மாகிட்ட 2,000 போயிருந்தா கையில் 6,000. ஒரு தடவை விழுந்தா 3,000, ரெண்டாவது தடவை 1,500. அம்மாகிட்ட இருக்கிற 2,000 அப்படியே இருக்கும். மொத்தம் 3,500. அதே ஆட்டம், அதே தோல்வி, ஆனா மிச்சம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

என் கருத்து இதுதான்: சம்பளம் எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கு என்பதுதான் உங்களைக் காப்பாத்தும். மொத்தச் சம்பளமும் யு.பி.ஐ இணைச்ச ஒரே கணக்கில் கிடந்தா, நீங்க குகைக்குள்ள மொத்தப் பணத்தோட நடக்கறீங்கன்னு அர்த்தம். அப்பாவுக்கு திடீர்னு ஆஸ்பத்திரி, கம்பெனியில் ஆள்குறைப்பு, வண்டி ரிப்பேர். எது வந்தாலும் அந்த ஒரே கணக்கில்தான் கை வைக்கணும்.

பி.எஃப் இருக்கேன்னு கேட்பீங்க. பேசிக், டி.ஏ-வில் 12 சதவீதம் கைக்கு வரும் முன்னாடியே பிடிக்கிறாங்க, அதுவும் ஒரு "அம்மா"தான். ஆனா அது ஓய்வுக்காலப் பணம். அவசரத்துக்குத் தனியா ஒண்ணு வேணும்.

இதில் வீட்டிலிருந்தே போய் வர்றவங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. சென்னையில் தங்குற உங்க நண்பர் பி.ஜி-க்குக் கட்டுற வாடகை உங்களுக்கு மிச்சம். அந்த மிச்சம் இப்போ எந்தக் கணக்கில் இருக்கு? பதில் சொல்ல முடியலைன்னா, அது செலவாயிடுச்சு.

"அப்போ நிஜ அம்மாகிட்டயே கொடுத்துடலாமே?" கொடுங்க, தப்பில்ல. ஆனா கேமில் வர்ற அம்மாவும் சேமிப்பிலிருந்து உங்களைக் கேட்காமலே மருந்து, பொம்மைன்னு வாங்கிடுவாங்க! நம்ம வீட்டிலும் அது மிக்ஸியாவோ சீட்டாவோ மாறலாம். வீட்டுச் செலவுக்குத் தனியா கொடுங்க. அவசரப் பணம் உங்க பேரில், வேற வங்கியில், யு.பி.ஐ இணைக்காத கணக்கில் இருக்கட்டும்.

வால் விக்கிற ஆள்

ரூட் 32-ல் ஒருத்தர் உங்களைக் கூப்பிட்டு நிறுத்துவார். ஸ்லோபோக் என்ற போக்கிமானின் வால், சத்தானது, ருசியானதுன்னு விக்கப் பார்ப்பார். விலை 10 லட்சம். கேமில் கையில் வைக்க முடிஞ்ச அதிகபட்சப் பணமே 9,99,999. அதனால வாங்கவே முடியாது. குகையைத் தாண்டி அசேலியா டவுனுக்குப் போனாதான் விஷயம் தெரியும். ராக்கெட் கும்பல் ஸ்லோபோக் வால்களை வெட்டி வித்துக்கிட்டு இருக்கும்.

கேம் உங்களை அந்த வியாபாரத்திலிருந்து காப்பாத்துது. நிஜத்தில் அந்தத் தடுப்பு கிடையாது. கையில் காசு இல்லைன்னா பர்சனல் லோன் எடுத்தாவது வாங்க வைப்பாங்க. 2022-ல் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மேல் தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவு போட்ட வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய வட்டி தர்றதா சொல்லி மக்கள்கிட்ட டெபாசிட் வாங்கினாங்க என்பதுதான் புகார். "உத்தரவாத லாபம்"னு யார் சொன்னாலும் வால் விக்கிற ஆளை நினைச்சுக்கோங்க. திருப்பதி ரோட்டில் மனை பார்க்கப் போனாலும் டி.டி.சி.பி அனுமதி, ரெரா பதிவு இரண்டையும் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

அதே பாதையில், சென்டருக்குள்ள போய் பேசினா ஒருத்தர் பழைய தூண்டிலை இலவசமாவே தருவார். அவர் யாரையும் வழிமறிக்க மாட்டார், நாமதான் உள்ளே போய் கேட்கணும். ஆர்.டி, பி.பி.எஃப் எல்லாம் அப்படித்தான்.

இந்த மாசம் செய்ய வேண்டியது

சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானா வேற கணக்குக்குப் போற மாதிரி செட் பண்ணுங்க. கால் பங்கு முடியாதா? மலையில் 365 படி, வருஷத்தில் 365 நாள். நாளுக்கு 50 ரூபாய் வெச்சாலும் வருஷத்துக்கு 18,250. மூணு மாசச் செலவுக்கான பணம் சேரும் வரை அதைத் தொடாதீங்க.

ஒரே ஒரு விஷயத்தில் கேம் நம்மைவிடக் கருணையானது. அங்கே விழுந்தா போக்கிமான் சென்டரில் வைத்தியம் இலவசம். இங்கே பில் வரும். அதனால குகை வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே எடுத்து வைங்க.

(இது பொதுவான கருத்து மட்டுமே, தனிப்பட்ட முதலீட்டு ஆலோசனை அல்ல.)